ஃப்ளீட்வுட் மேக்: ஐம்பது பாடல்களில் கேட்கும் மூன்றாவது குரல்

ஃப்ளீட்வுட் மேக் என்னும் பிரிட்டிஷ்-அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் இரண்டாவது வாக்கியத்திலேயே அதன் பாடகி ஸ்டீவி நிக்ஸ், கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்காம் இருவரின் காதல் முறிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் கதை பொய்யல்ல; ஆனால், அது இக்குழுவின் காதல் பாடல்களில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கும். 2018 நவம்பரில் வெளியான ‘50 இயர்ஸ் – டோன்ட் ஸ்டாப்’ என்னும் தொகுப்பை முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை வரிசை மாறாமல் கேட்பவருக்கு, அந்த இருவரின் வழக்குக்கு நடுவே மூன்றாவதாக ஒரு குரல் ஆரவாரமின்றிக் காதலைப் பாடிக்கொண்டே வந்திருப்பது புலப்படும். அது கீபோர்டு வாசித்த கிறிஸ்டின் மெக்வீயின் குரல். இத்தொகுப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதிலும் இதுதான்: அந்தக் குரலுக்காக வாங்கலாம்.

மூன்று குறுந்தகடுகளில் ஐம்பது பாடல்கள் கால வரிசைப்படி அமைந்துள்ளன. இதே தொகுப்பு இருபது பாடல்களுடன் ஒற்றைத் தட்டாகவும், ஐந்து வினைல் தட்டுகள் கொண்ட பெட்டியாகவும் கிடைக்கிறது. இணைய இசைச் செயலிகளிலும் உண்டு. இக்குழுவுக்கு இதற்கு முன்பும் தொகுப்புகள் வந்திருக்கின்றன. ஆனால், அவற்றுள் பரவலாக விற்றவை 1975க்குப் பிந்தைய புகழ்க்காலத்தையே பெரிதும் சார்ந்தவை. லண்டனில் ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைவகையை வாசித்த இளைஞர்களிடமிருந்து கலிஃபோர்னியாவின் பாப் இசை வரை ஒரே மூச்சில் கேட்க வைப்பதுதான் இந்தத் தொகுப்பின் சிறப்பு.

1967இல் ஜான் மயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவிலிருந்து விலகிய கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் தொடங்கிய குழு இது. தன் பெயரைச் சூட்டாமல், டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் பெயரையும், இன்னும் குழுவில் சேராதிருந்த பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்வீயின் பெயரையும் இணைத்து அவர் குழுவுக்குப் பெயரிட்டார். கிரீன் மூன்றே ஆண்டுகளில் வெளியேறினார். பெயருக்குரிய இருவர் மட்டும் ஐம்பது ஆண்டுகளும் நிலைத்தார்கள். குழுவின் தாளமும் அடித்தளமும் ஒருபோதும் மாறவில்லை என்பதே, ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு புதிய முகம் கொண்ட இந்த ஐம்பது பாடல்களும் ஒரே குழுவின் பாடல்களாக ஒலிப்பதற்குக் காரணம்.

முதல் தட்டின் தொடக்கப் பகுதி பெரும்பாலும் கிரீனுடையது. ‘பிளாக் மேஜிக் வுமன்’ அவர் எழுதியது. 1970இல் சான்டானா குழு அதை உலகப் புகழ் பெறச் செய்துவிட்டதால் அதை அவர்களுடைய பாடல் என்றே நினைப்பவர்கள் பலர். லிட்டில் வில்லி ஜான் 1955இல் பாடிய ‘நீட் யுவர் லவ் ஸோ பேட்’ பாடலை 1968இல் கிரீன் மீண்டும் பாடியபோது, பின்னணியில் வயலின் குழு ஒன்று இழைய, முன்னால் அவருடைய கிட்டார் மிகக் குறைந்த சுரங்களில் பேசுகிறது. இரவில் தனியாகக் கிடக்கும் ஒருவன் துணை வேண்டிக் கேட்கும் பாடல் அது. அதில் குற்றச்சாட்டு இல்லை, பெருமிதமும் இல்லை. ‘ஆல்பட்ராஸ்’ சொற்களே இல்லாத இசைத்துண்டு. 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டின் ‘மேன் ஆஃப் த வேர்ல்ட்’ பாடலைக் கேட்கும்போது, ஒரு காதல் பாடல் எங்கே முடிகிறது, ஓர் ஒப்புதல் வாக்குமூலம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடிவதில்லை. தனக்கு எல்லாம் வாய்த்திருக்கிறது, நேசிக்க ஒருத்தி மட்டும் இல்லை என்று தொடங்கும் மனிதன், பிறக்காமலே இருந்திருக்கலாம் என்னும் எல்லை வரை அமைதியான குரலிலேயே போய்விடுகிறான். பாடல் இரண்டாம் இடம் வரை ஏறியது. அடுத்த ஆண்டு, பணத்தைப் பேயாக உருவகித்த ‘த கிரீன் மனலிஷி’ பாடலோடு கிரீன் விலகினார். ஈட்டியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் அப்போது வற்புறுத்தி வந்தார். பின்னர் நெடுங்காலம் மனநோயோடு போராடி, 2020 ஜூலையில் காலமானார்.

கிரீனுக்குப் பிந்தைய நான்கைந்து ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் ஒரு பத்தியில் கடந்துவிடுவது வழக்கம். அந்த ஆண்டுகளின் குழப்பங்கள் ஒரு நாவலுக்குப் போதும்: குழுவின் கிட்டார் கலைஞர்களுள் ஜெரமி ஸ்பென்சர் 1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் புத்தகக் கடைக்குப் போவதாகச் சொல்லிச் சென்று ஒரு மதக் குழுவில் சேர்ந்துவிட்டார், டேனி கிர்வன் 1972இல் நீக்கப்பட்டார், மேலாளர் 1974இல் வேறு ஆட்களைத் திரட்டி இதே பெயரில் ஒரு போலிக் குழுவை அமெரிக்க மேடைகளுக்கு அனுப்பினார். ஆனால், இத்தொகுப்பின் முதல் தட்டில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி இதுதான், ஏனெனில் கிறிஸ்டின் மெக்வீ நுழைவது இங்கேதான்.

சிக்கன் ஷாக் என்னும் ப்ளூஸ் குழுவில் கிறிஸ்டின் பெர்ஃபெக்ட் என்ற பெயரில் பாடி 1969இல் ‘மெலடி மேக்கர்’ இதழின் வாசகர்களால் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். ஜான் மெக்வீயை 1968இல் மணந்து, 1970இல் கணவரின் குழுவில் சேர்ந்தார். 1972இல் வந்த ‘ஸ்பேர் மீ எ லிட்டில் ஆஃப் யுவர் லவ்’ பாடலில் அவருடைய முறைமை முழு உருவம் பெற்றுவிடுகிறது: நேரடியான வேண்டுகோள், அலங்காரமற்ற சொற்கள், பியானோவின் நிதானமான நடை, தாழ்ந்த சுருதியில் சற்றே கரகரப்பான குரல். கேட்பவரிடம் இரக்கத்தை அவர் யாசிப்பதில்லை. காதலில் கொஞ்சம் எனக்கும் கொடு என்று கேட்கும்போதுகூட, கொடுக்கவில்லையானால் உலகம் அழிந்துவிடாது என்னும் தெளிவு குரலில் இருக்கிறது. பீட்டர் கிரீனின் வேண்டுகோள்களில் இல்லாத தெளிவு அது. அதே ஆல்பத்தில் அப்போதைய கிட்டார் கலைஞர் பாப் வெல்ச் எழுதிய ‘சென்டிமென்டல் லேடி’ இனிமையானது. எனினும், ஐந்து ஆண்டுகள் கழித்து, குழுவை விட்டு விலகிய பின் அவர் தனியாக மீண்டும் பதிவு செய்த வடிவமே மேலும் இறுக்கமானது என்பது என் கணிப்பு.

1974இல் குழு லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே சவுண்ட் சிட்டி என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தைப் பார்க்கச் சென்ற மிக் ஃப்ளீட்வுட்டுக்கு, அக்கூடத்தின் தரத்தைக் காட்டுவதற்காக ஓர் இசைத்தட்டை ஒலிக்கவிட்டார்கள். அது பக்கிங்காமும் நிக்ஸும் 1973இல் வெளியிட்டு விற்காமல் போன ஆல்பம். ஃப்ளீட்வுட் கிட்டார் கலைஞரை மட்டும் அழைத்தார். அவரோ நிக்ஸையும் சேர்த்துக்கொண்டால்தான் வருவேன் என்றார். அந்த ஆண்டின் கடைசி நாள்களில் இருவரும் சேர்ந்தார்கள். 1975இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பம் ஓராண்டுக்கு மேல் மெல்ல மெல்ல ஏறி அமெரிக்காவில் முதலிடம் அடைந்தது. அந்த ஆல்பத்திலிருந்து அமெரிக்காவில் முதலில் வெற்றி பெற்ற தனிப்பாடல் (ஆல்பத்திலிருந்து தனித் தட்டாக வெளியிடப்படும் பாடல்) நிக்ஸுடையதுமல்ல, பக்கிங்காமுடையதுமல்ல. கிறிஸ்டினின் ‘ஓவர் மை ஹெட்’. புதியவர்கள் வந்து குழுவைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லப்படும் கதையில் இந்தச் செய்தி எப்போதும் விடுபட்டுவிடுகிறது.

இரண்டாம் தட்டில் அடுத்து வருவது 1977 பிப்ரவரியில் வெளியான ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் ஆறு பாடல்கள். நான்கு கோடிக்கும் மேல் விற்று, அமெரிக்கப் பட்டியலில் மொத்தம் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்து, கிராமி விருதும் பெற்ற ஆல்பம் அது. 1976இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகில் சாசலிட்டோவில் பதிவு தொடங்கியபோது மெக்வீ தம்பதியர் பிரிந்துகொண்டிருந்தார்கள். பக்கிங்காமும் நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஃப்ளீட்வுட்டின் மணவாழ்வும் முறிந்துகொண்டிருந்தது. பிரிந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாடலுக்கு ஒருவர் வாசிக்க வேண்டியிருந்தது. யாருடைய பெயரும் இந்தப் பாடல்களில் இல்லை. அகப்பாடலில் தலைமக்களைப் பெயர் சுட்டலாகாது என்னும் நம் பழைய மரபை இவர்கள் அறியாமலே காத்திருக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால், பெயரை மறைப்பதால் கிடைக்கும் பயன் இங்கே கிடைக்கவில்லை, ஏனெனில் பாடப்படுபவர் அருகிலேயே கிட்டாரோடு நிற்கிறார்.

தொகுப்பில் ‘கோ யுவர் ஓன் வே’யும் ‘ட்ரீம்ஸ்’ பாடலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது நல்ல முடிவு. ஒரே பிரிவுக்கு இரண்டு தீர்ப்புகள் அவை. பக்கிங்காமின் பாடல் கோபமானது: உனக்கு என் உலகையே தர நினைத்தேன், நீ ஏற்கவில்லை, போய்க்கொள் என்கிறது. தாளம் எங்கே விழுகிறது என்று முதலில் பிடிபடாமல் தடுமாற வைத்து, பல்லவியில் எல்லாம் ஒன்றாகக் கொட்டுகிறது. அதில் தன் ஒழுக்கத்தைக் குத்திக்காட்டும் ஒரு வரியை நிக்ஸ் கடுமையாக எதிர்த்தார், பக்கிங்காம் நீக்கவில்லை, அந்தப் பாடலுக்கே நிக்ஸ் பின்குரல் கொடுத்திருக்கிறார். நிக்ஸின் பதிலோ ஏறத்தாழ இரண்டே சுரக்கூட்டுகளில் (chords), கோபத்தைக் காட்டாத குரலில், பத்து நிமிடங்களில் எழுதப்பட்டது. விடுதலை வேண்டுமா, எடுத்துக்கொள். ஆனால், தனிமையில் இழந்ததை நினைத்துக்கொள்வாய் என்பதே அதன் சாரம். ஆசி போலத் தோன்றும் சாபம் அது. அமெரிக்காவில் இக்குழுவின் ஒரே முதலிடத் தனிப்பாடல் இதுதான். 2020இல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே இதற்கு வாயசைத்த ஒரு சிறு காணொளியால் நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏறியது.

ஆனால், இந்த இரண்டையும் கேட்ட பிறகு வரும் கிறிஸ்டினின் இரண்டு பாடல்கள்தான் என்னைப் பொறுத்தவரை இத்தொகுப்பின் மையம். ‘டோன்ட் ஸ்டாப்’ தன் கணவரைப் பிரியும் ஒரு பெண் அவருக்குச் சொல்லும் ஆறுதல். நேற்று முடிந்துவிட்டது, நாளையை நினை என்று அவர் பாட, அந்த ஆறுதலைப் பெறவேண்டியவரே பின்னால் உற்சாகமாகப் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். பாடல் தன்னைப் பற்றியது என்று தனக்கு ஆண்டுகள் கழித்தே தெரிந்தது என ஜான் மெக்வீ சொல்லியிருக்கிறார். பிரிவைப் பற்றிய இப்பாடலை 1992இல் பில் கிளின்டன் தேர்தல் பிரசாரப் பாடலாக எடுத்துக்கொண்டதும், 1993 ஜனவரியில் அவருடைய பதவியேற்பு விழாவுக்காகப் பிரிந்திருந்த ஐவரும் மேடையில் கூடியதும், சொற்களைவிடத் தாளத்தையே மக்கள் கேட்கிறார்கள் என்பதற்குச் சான்று. ‘யூ மேக் லவ்விங் ஃபன்’ குழுவின் ஒளியமைப்பாளரோடு கிறிஸ்டினுக்கு ஏற்பட்டிருந்த புதிய காதலைப் பற்றியது. அதைத் தன் நாயைப் பற்றிய பாடல் என்று அவர் கணவரிடம் சொல்லிவைத்தார். நிக்ஸும் பக்கிங்காமும் முடிந்த காதலைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் அதே அறையில், அதே நெருக்கடியில், தொடங்கும் காதலைப் பற்றிப் பாடியிருக்கிறார். அதற்கு எத்தனை துணிவு வேண்டும் என்பது பாடலின் மென்மையால் மறைந்துவிடுகிறது.

‘த செயின்’ பற்றி ஒரு சொல். அந்த ஆல்பத்தில் ஐவர் பெயரிலும் பதிவான ஒரே பாடல் இது. வெவ்வேறு முயற்சிகளின் நாடாத் துண்டுகளை ஒட்டி உருவாக்கப்பட்டது. இறுதிப் பகுதி, கிறிஸ்டின் எழுதிக் கைவிடப்பட்ட பாடலொன்றிலிருந்து மிஞ்சியது. ஜான் மெக்வீயின் பேஸ் மட்டும் தனியே எழும் அந்த இடம், பிபிசியின் ஃபார்முலா ஒன் கார்ப்பந்தய ஒளிபரப்பால் பிரிட்டனில் இசை கேட்காதவர்களுக்கும் தெரியும். பிரிய மாட்டோம் என்று உறுதி சொல்லும் பாடல், ஒட்டுப்போட்ட துண்டுகளால் ஆனது என்பதில் உள்ள பொருத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

1979இன் ‘டஸ்க்’ இரட்டை ஆல்பத்தை இத்தொகுப்பு சரியாகக் கையாளவில்லை. பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, ‘ரூமர்ஸ்’ போல இன்னொன்று செய்ய மறுத்து, பக்கிங்காம் முரட்டுத்தனமாகச் சோதனை செய்த ஆல்பம் அது. இங்கே மூன்று பாடல்களே அதிலிருந்து வந்துள்ளன. பல்கலைக்கழக அணிவகுப்பு வாத்தியக்குழுவின் முழக்கம் கொண்ட தலைப்புப் பாடல் இருக்கிறது. ஆனால், ஆறு நிமிடங்களுக்கு மேல் ஓடும் நிக்ஸின் ‘சாரா’, வானொலிக்காகக் குறுக்கப்பட்ட வடிவில் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பாடலின் அழகே அவசரமின்மைதான். அதைக் குறுக்கினால் மெட்டு எஞ்சுகிறது, மயக்கம் போய்விடுகிறது. தனிப்பாடல் வடிவங்களையே பெரும்பாலும் பயன்படுத்துவது என்ற தொகுப்பாளர்களின் முடிவை வரலாற்று நோக்கில் புரிந்துகொள்ள முடிகிறது. கேட்பவர் நோக்கில் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் தட்டைப் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். 1990களின் முதற்பாதியில் நிக்ஸும் இல்லாமல் பக்கிங்காமும் இல்லாமல் நடந்த காலம் பலவீனமானது என்பதை மறுக்க முடியாது. ஆனால், இந்தத் தட்டில் ஏறத்தாழப் பாதிப் பாடல்கள் கிறிஸ்டின் எழுதியவை அல்லது சேர்ந்து எழுதியவை. பீச் பாய்ஸ் குழுவின் டென்னிஸ் வில்சனோடு இருந்த கொந்தளிப்பான உறவிலிருந்து பிறந்த ‘ஹோல்ட் மீ’யில்கூட, நான் எங்கும் போகவில்லை, வேண்டுமென்றால் வா என்னும் தொனியே இருக்கிறது. 1987இன் ‘டாங்கோ இன் த நைட்’ ஆல்பத்திலிருந்து வந்த ‘லிட்டில் லைஸ்’ அவருடைய பாடல்களிலேயே மிகக் கூர்மையானது: உண்மை தெரியும், இருந்தாலும் எனக்காகக் கொஞ்சம் பொய் சொல் என்று கேட்கும் பெண், ஏமாறுபவள் அல்ல, ஏமாற்றத்தின் அளவைத் தானே தீர்மானிப்பவள். அதற்கு நேர் எதிரான ‘எவ்ரிவேர்’ கலப்படமற்ற மகிழ்ச்சி. அதில் நிழலே இல்லை. இக்குழுவின் பாடல்களில் அது அரிது. அந்தக் கால ஒலிப்பதிவின் பளபளப்பு சில இடங்களில் சலிப்பூட்டினாலும், இந்தப் பாடலின் தொடக்க மணியொலிக்கு வேறு பூச்சைக் கற்பனை செய்ய முடியவில்லை. அதே ஆல்பத்தின் ‘பிக் லவ்’ பாடலில் மாறி மாறி ஒலிக்கும் ஆண், பெண் மூச்சொலிகள் இரண்டுமே பக்கிங்காமின் குரல்தான், ஒன்று கருவியால் மாற்றப்பட்டது. தன்னோடு தானே செய்யும் காதல் உரையாடல். அதை முடித்த கையோடு அவர் குழுவை விட்டும் போனார்.

இந்தத் தட்டின் உச்சம், 1997இல் ஐவரும் மீண்டும் கூடி நிகழ்த்திய கச்சேரியின் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’. நிக்ஸ் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்துக்காக எழுதி, நீளம் காரணமாக நீக்கப்பட்டு, ‘கோ யுவர் ஓன் வே’ தட்டின் மறுபக்கத்தில் ஒதுக்கப்பட்ட பாடல் அது. உன்னை நேசித்தவளின் குரலிலிருந்து நீ தப்ப முடியாது என்று சொல்லும் பாடலை, இருபது ஆண்டுகள் கழித்து, அவர் பக்கிங்காமை நேருக்கு நேர் பார்த்தபடி பாடினார். காணொளியாகப் பார்த்தால் அது நாடகம். கண்ணை மூடி ஒலியாக மட்டும் கேட்டால், கடைசிப் பகுதியில் அவருடைய குரல் கிட்டாரை முந்திக்கொண்டு ஏறுவது இன்னும் வலுவாகத் தெரிகிறது. கால வரிசையில் 1977இல் வைக்காமல் 1997இல் வைத்தது சரியே, ஏனெனில் அந்தப் பாடலுக்குத் தேவைப்பட்டது காலம்தான். இத்தனைக்கும் பிறகு, இத்தொகுப்பு வெளியான அதே 2018இல், சில மாதங்களுக்கு முன்பே பக்கிங்காம் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

பெரிய குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டினின் ‘சாங்பேர்ட்’ இதில் இல்லை. பெர்க்லியில் ஆளில்லாத ஓர் அரங்கின் மேடையில், பியானோவோடு அவர் தனியாகப் பாடிப் பதிவான பாடல் அது. யாரிடமிருந்தும் எதையும் எதிர்பார்க்காமல் நலம் மட்டும் வேண்டும் பாடல். தனிப்பாடலாக வெளிவராதது விடுபட்டதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால், அந்த விதியைத் தளர்த்தித்தான் ‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’ சேர்க்கப்பட்டிருக்கிறது. 2022 நவம்பர் 30 அன்று கிறிஸ்டின் மறைந்த பிறகு இத்தொகுப்பைக் கேட்பவருக்கு இந்த வெற்றிடம் மேலும் உறுத்தும்.

‘ரூமர்ஸ்’ ஏற்கெனவே கையில் உள்ளவர்களுக்கு முதல் தட்டும் மூன்றாம் தட்டும் புதிதாக இருக்கும். அவர்கள் மூன்று தட்டு வடிவத்தைத் தயங்காமல் வாங்கலாம். இருபது பாடல் வடிவத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்தக் குழுவின் மாற்றங்களைக் காட்ட அதில் இடம் போதாது. ஒன்றுமே கேட்டிராதவர்கள் இரண்டாம் தட்டிலிருந்து தொடங்கி, மூன்றாவதைக் கேட்டு, பிறகு முதலாவதுக்குத் திரும்புவது எளிது. அதன் பின் கிரீனின் கிட்டார் பிடித்துப்போனவர்கள் 1969இன் ‘தென் ப்ளே ஆன்’ ஆல்பத்துக்கும், ‘சாரா’வை முழுதாகக் கேட்க விரும்புகிறவர்கள் ‘டஸ்க்’ ஆல்பத்துக்கும் செல்லலாம். ‘சாங்பேர்ட்’ வேண்டுமென்றால் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்துக்கே போக வேண்டும்.